பானைக்குள் ஒரு பாட்டுக் கச்சேரி

'பானை பிடித்தவள் பாக்கியசாலி' என்பார்கள். எண்பதுகளில் பானை பிடித்த டீக்கடைக்காரரும் பாக்கியசாலிதான். எந்தக் கடையில் பானை பாடுகிறதோ, அங்கேதான் கூட்டம்!

திருப்பூர்க்காரர்கள் பலருக்கு இது நினைவிருக்கும். பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால், தெருமுனை டீக்கடையில் டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர் மூலையில் இருக்கும் மண்பானைக்குப் போகும். பானை வாயில் ஆறு இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று மல்லாந்து படுத்திருக்கும். அவ்வளவுதான் செட்டு. ஆனால் சத்தம்? 'தொம்... தொம்...' என்று நெஞ்சில் இடிக்கும்.

என்ன மாயம் அது? பி.காம். படித்த எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.

கதை 1925-ல் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் ஒரு ஸ்பீக்கரைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். காகிதக் கூம்பு, அதில் ஒட்டிய கம்பிச் சுருள், சுற்றிலும் காந்தம். இன்றுவரை நம் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் அதே வம்சம்தான்.

இதில் ஒரு சிக்கல். கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது, பின்னால் அதே அளவு இழுக்கிறது. கனத்த ஒலிகளில் இந்த இரண்டும் ஓரமாகச் சுற்றிவந்து ஒன்றையொன்று தின்றுவிடும். வரவும் செலவும் சமம். கையில் மிச்சம் பூஜ்யம்! அதனால் இரண்டையும் பிரிக்க ஒரு பெட்டி வேண்டும்.

பெட்டி என்றால் பலகை, ஆசாரி கூலி. பானைக்குச் சில ரூபாய் போதும். தவிர, மெல்லிய பிளைவுட் பெட்டி பாட்டோடு சேர்ந்து தானும் பாடும். சுட்ட மண்ணின் வளைந்த சுவர் அத்தனை சுலபத்தில் அதிராது.

1954-ல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர், மூடிய சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி 'ஏஆர்-1' ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். ஒலி உலகமே வாய்பிளந்தது. நம் பானையும் அவருக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

சமம் என்று சொல்லிவிட முடியாது. வில்ச்சர் அதற்கென்றே தளர்வான விளிம்புள்ள ஸ்பீக்கர் செய்தார். நமக்குக் கிடைத்ததோ ரேடியோவுக்கான விறைப்பான சரக்கு. அதைப் பானையில் அடைத்தால் ஆழமான பேஸ் வராது. கொஞ்சம் மேலே ஒரு 'தொம்' மட்டும் பெரிதாகும். பேஸ் கிடாரின் தடித்த கம்பி விநாடிக்கு 41 முறை அதிரும். பானையால் அது முடியாது. ஆனால் கூடவே வரும் 82, 123 அதிர்வுகளைப் பானை கொடுத்துவிடும். விட்டதை நம் காது தானே நிரப்பிக்கொள்ளும்! 1976-ல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா, பின்னாளில் பேஸ் கிடாரைத் தனிப் பாட்டே பாடவைத்தபோது, பானை இல்லாத கடை எப்படி ஈடுகொடுக்கும்?

மெக்கானிக் அண்ணன்களிடம் மீட்டர் கிடையாது. இரண்டு கட்டைவிரலாலும் கூம்பை மெல்ல அமுக்குவார்கள். உள்ளே 'கரகர'வென்று உரசினால், சுருள் கோணல், வேண்டாம். டார்ச் செல்லைத் தொட்டால் 'டக்' என்று கூம்பு எகிற வேண்டும். பானையைத் தட்டிப் பார்ப்பார்கள். விரிசல் இருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். பானை வாய்க்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே காற்று கசிந்தால் போச்சு. அதை அடைக்க, உள்ளே எதிரொலியைக் குறைக்க, பனியன் வேஸ்ட். அதற்குத் திருப்பூரிலா பஞ்சம்?

பகலெல்லாம் மெஷின் சத்தம் கேட்ட தொழிலாளிக்கு ஸ்டீரியோ செட் வாங்கக் கட்டுப்படியாகாது. ஒரு டீ விலையில் அந்த இசை அவருக்குக் கிடைத்தது. ரைஸ், கெல்லாக், வில்ச்சர் பெயர்கள் புத்தகங்களில் ஏறின. நம்ம பானைக்காரர்கள் பேட்டன்ட் கேட்டு யாரிடமும் போகவில்லை. அவர்களுக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் ஒன்றே ஒன்றுதான்:

"ஏனுங்ணா... சவுண்டக் கொஞ்சம் ஏத்துங்க!"