மதுரை வட்டாரத்தின் தொல்படிவுப் பாறைகள்: அறிதலின் வரலாறு

மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலும் அதன் விளிம்பில் நிற்கும் மலைகளிலும் உள்ள பாறைகளுள் ஒரு பகுதி, முன்னொரு காலத்தில் நீருக்கடியில் மணலாகவும் களிமண்ணாகவும் சுண்ணாம்புச் சேறாகவும் படிந்தவை. இன்று அவற்றில் சிப்பியும் இல்லை, புதைபடிவமும் இல்லை. நிலத்தடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்து, கடும் வெப்பத்தில் உருமாறி, முழுக்கப் படிகமான பிறகே அவை மேலே வந்திருக்கின்றன. மணல் குவார்ட்சைட் ஆயிற்று. சுண்ணாம்புச் சேறு படிகச் சுண்ணாம்புக்கல் ஆயிற்று. களிமண், கார்னெட்டும் சில்லிமனைட்டும் செறிந்த நைஸ் பாறையாயிற்று. வடக்கே பாலக்காடு–காவிரிப் பெயர்ச்சி மண்டலமும் தெற்கே அச்சன்கோவில் பெயர்ச்சி மண்டலமும் எல்லையாக அமைந்த பரப்பைப் புவியியலாளர் ‘மதுரை நிலத்தொகுதி’ என்கின்றனர். தொல்படிவுகள் இதனுள் பட்டை பட்டையாகச் சிதறிக் கிடக்கின்றன. இவற்றின் பிறப்பு பற்றிய கருத்து ஒன்றேகால் நூற்றாண்டில் இருமுறை மாறியது.

முதல் முறையான ஆய்வு ராபர்ட் புரூஸ் ஃபுட்டினுடையது. பல்லாவரத்தில் 1863இல் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் என்றே தமிழ்நாட்டில் அவர் பெயர் பெரிதும் அறியப்பட்டிருக்கிறது. ஆனால் அவருடைய தொழில் இந்தியப் புவியியல் அளவாய்வுத் துறையில் நிலவரைபடம் தயாரிப்பது. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் புவியியல் குறித்த அவரது நூல் 1883இல் அத்துறையின் வெளியீடாக வந்தது. குருணை போன்ற வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) மணிகளாலான பாறைப் பட்டைகளும் நைஸ் பட்டைகளும் மாறி மாறி வருவதை ஃபுட் கண்டார். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்குகளாகக் கொண்டு வரிசைப்படுத்தினார். நைஸ் பாறைகள் எல்லாமே உருமாறிய படிவுகள் என்பது அக்காலத்தில் பரவலாக இருந்த எண்ணம். பாறையில் தெரியும் வரிகளைப் படிவு அடுக்குகளாகவே பலரும் கருதினர். அழுத்தத்தால் கனிமங்கள் ஒரே திசையில் நீண்டு அடுக்குப்போல் தோன்றக்கூடும் என்பது பின்னரே தெளிவாயிற்று. ஃபுட்டின் அடுக்கு வரிசை இன்று நிற்காது. ஆனால் வெங்கச்சங்கல் பாறையைத் தனி இனமாகப் பிரித்துக் கண்ட அவரது பார்வையே பின்வந்த ஆய்வுகளுக்கு அடித்தளம்.

அந்தப் பார்வைக்கு நிலமே துணை நின்றது. கிரானைட்டிலும் நைஸிலும் உள்ள ஃபெல்ட்ஸ்பார் மழைநீரில் மெல்லச் சிதைந்து களிமண்ணாகிவிடுகிறது. குவார்ட்ஸ் அவ்வாறு எளிதில் சிதைவதில்லை. சுற்றியுள்ள பாறை தேய்ந்து தாழ, குவார்ட்சைட் நீண்ட குறுகிய கரடாக எழுந்து நிற்கிறது. இவ்வட்டாரத்தில் பழைய மணற்படிவைத் தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியவை இத்தகைய கரடுகளே.

அடுத்த திருப்பம் புவியியலாளர் தாமஸ் ஹாலந்தால் நேர்ந்தது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பயன்பட்ட கல் சென்னைப் பகுதியிலிருந்து போனது. அவ்வகைப் பாறைக்குச் ‘சார்னோகைட்’ என்று பெயரிட்ட ஹாலந்து, 1900இல் வெளியிட்ட விரிவான ஆய்வில் அது உருகிய குழம்பிலிருந்து உறைந்தது என வாதிட்டார். இதனால் படிவு எனக் கருதப்பட்ட பெரும்பரப்பு தீப்பாறைக் கணக்கில் சேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், 1902இல், புவியியலாளர் வாக்கர் ஒடிசாவில் கோண்ட் மக்கள் வாழும் மலைகளின் பாறைக்குக் ‘கோண்டலைட்’ எனப் பெயரிட்டார். கார்னெட், சில்லிமனைட், கிராஃபைட் ஆகியவை கொண்ட இப்பாறை களிமண் படிவிலிருந்து வந்தது. அலுமினியம் மிகுந்த சில்லிமனைட் இவ்வளவு செறிவாக அமைய, களிமண்ணைப் போன்ற மூலப்பொருள் தேவை. மதுரைப் பகுதியின் கார்னெட்–சில்லிமனைட் நைஸுக்கும் இதே விளக்கம் பொருந்தியது.

சுண்ணாம்புப் படிவின் சான்றுகளைத் தொழில் வெளிக்கொணர்ந்தது. விருதுநகர் மாவட்டத்தில் பந்தல்குடி வட்டாரத்தின் படிகச் சுண்ணாம்புக்கல் சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டப்படுகிறது. துலுக்கப்பட்டி, ஆலங்குளம் ஆலைகள் இம்மாவட்டத்தில் எழுந்ததற்கு இக்கல்லே காரணம். சேற்றில் மணல் கலந்திருந்த இடங்களில் கால்சைட்டும் குவார்ட்ஸும் வினைபுரிந்து, கரியமில வாயு வெளியேறி, வொல்லாஸ்டோனைட் போன்ற புதிய கனிமங்கள் தோன்றின.

உருமாற்றத்தின் கடுமையைக் காட்டியது பழனி மலையடிவாரத்துக் கங்குவார்பட்டி. அங்கு சஃபிரின் என்னும் அரிய கனிமம் கொண்ட பாறை 1980களில் ஆராயப்பட்டது. குவார்ட்ஸுடன் சேர்ந்து சஃபிரின் உருவாக 900 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். பெரும்பாலான படிவுகள் அதற்கு முன்பே பகுதியளவில் உருகத் தொடங்கிவிடும். அத்தகைய உலையில் புதைபடிவமோ மூல அடுக்கோ தப்பியிராது.

தப்பியது சிர்கான் மணி. மணலோடு மணலாக அடித்து வரப்பட்ட இக்கனிமத்தில் சிறிதளவு யுரேனியம் உண்டு. யுரேனியம்-238இல் பாதி ஈயமாக மாற ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டின் விகிதத்தை அளந்தால் மணி படிகமான காலம் கிடைக்கும். உருமாற்றத்தின்போது பழைய மணியைச் சுற்றிப் புதிய விளிம்பு வளர்கிறது. எனவே உட்கரு மணலைத் தந்த தொலைதூர மலையின் வயதையும், விளிம்பு வெந்த காலத்தையும் சொல்கின்றன. மணல் படிந்த காலம் இவ்விரண்டுக்கும் இடையில் இருந்தாக வேண்டும்.

இந்த முறைக்கு மிகப் பொருத்தமான களம் கரூர் மாவட்டத்துக் கடவூர். கிண்ணம் போன்ற பள்ளத்தை வளையமாகக் குவார்ட்சைட் மலைகள் சூழ்ந்திருக்க, நடுவில் காப்ரோ–அனார்த்தோசைட் தீப்பாறை கிடக்கிறது. அத்தீப்பாறையை ஏ. பி. சுப்பிரமணியம் 1956இல் விவரித்தார். அது சுமார் 83 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்தது என 2011இல் வெளியான சிர்கான் ஆய்வு காட்டியது. தீப்பாறை குவார்ட்சைட்டுக்குள் ஊடுருவியிருப்பதால் மணல் அதற்கும் முன்பே படிந்துவிட்டது. மதுரை நிலத்தொகுதியின் பல பாறைகளில் சிர்கான் விளிம்புகள் 50 முதல் 60 கோடி ஆண்டுகள் வரை வயதைக் காட்டுகின்றன. கோண்ட்வானாப் பெருங்கண்டத்தின் துண்டுகள் மோதி ஒன்றிணைந்த காலம் அது.

அந்த இணைப்பில் இலங்கையும் மடகாஸ்கரும் தென்னிந்தியாவை ஒட்டி இருந்தன. இலங்கையின் மத்திய மலைத்தொகுதியிலும் குவார்ட்சைட், பளிங்கு, கோண்டலைட் ஆகிய மூன்றும் சேர்ந்தே வருகின்றன. மடகாஸ்கரின் நடுப்பகுதியில் இட்ரேமோ தொகுதியின் குவார்ட்சைட்டும் பளிங்கும் குறைந்த வெப்பமே கண்டதால் மூல அடுக்குகளை இன்னும் காட்டுகின்றன. சிர்கான் உட்கருக்களின் வயதுகளை ஒப்பிட்டு, மதுரைப் படிவுகளும் இட்ரேமோ படிவுகளும் ஒரே கண்டத்தின் ஓரத்தில் படிந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.