கடல் கடந்த சுரங்கங்களும் கனடா நாட்டுச் சட்டமும்

ஒரு நாட்டில் பதிவு பெற்ற நிறுவனம் பிறிதொரு நாட்டு மண்ணைத் தோண்டி, அந்நாட்டு ஏழைகளை வலிந்து வேலை வாங்கினால், அதனைக் கேட்கும் உரிமை எந்நாட்டு மன்றத்துக்கு உண்டு? இலண்டன் கம்பெனியின் கீழ்க் கோலார் தங்கவயலின் ஆழத்தில் இறங்கிய முன்னோரையுடைய குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்கட்கு இவ்வினா புதிதன்று.

அண்மைக் காலத்தில் இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்ட நாடு கனடா. உலகின் சுரங்க நிறுவனங்களுள் மிகப் பலவற்றுக்கு அதுவே தலைமையிடம். 2009 பிப்ரவரியில் லிபரல் கட்சி உறுப்பினர் ஜான் மெக்கே என்பார் சி-300 என்னும் மசோதாவைக் கொணர்ந்தார். வளரும் நாடுகளில் தொழில் நடத்தும் கனடா நாட்டுச் சுரங்க, எண்ணெய் நிறுவனங்கள் மனித உரிமையையோ சுற்றுச்சூழலையோ கெடுத்தால், பாதிக்கப்பட்டோர் அமைச்சர்களிடம் முறையிடலாம். குறை மெய்யெனக் காணின், அரசின் ஏற்றுமதிக் கடனுதவியும் தூதரக ஆதரவும் நின்றுவிடும். சிறையில்லை, அபராதமில்லை, பொதுப்பணத்தைக் கொடாதீர் என்ற அளவே. அதனையும் சுரங்கத் தொழிலார் கடுமையாக எதிர்த்தனர். 2010 அக்டோபர் 27இல் ஆதரவாக 134, எதிராக 140 வாக்குகள் விழ, மசோதா தோற்றது. மெக்கேயின் கட்சியினருள்ளேயே பலர் அன்று அவைக்கு வரவில்லை. எதிர்த்தோரினும் வாராதோரே அதனை வீழ்த்தினர் என்பேன்.

பின்னர் நீதிமன்றத்தின் வழி ஒரு கதவு திறந்தது. எரித்ரியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டுப் பணி பதினெட்டுத் திங்களே. நடைமுறையிலோ அதற்கு முடிவில்லை. அப்பணியின் பெயரால் பிஷா சுரங்கத்தில் தம்மை அடிமைகளாக உழைப்பித்தனர் என்றும், கீழ்ப்படியாதாரைக் கட்டிக் கொளுத்தும் வெயிலில் கிடத்தினர் என்றும் அந்நாட்டு அகதிகள் மூவர் 2014இல் பிரிட்டிஷ் கொலம்பியா நீதிமன்றத்தில் வழக்கிட்டனர். அன்று சுரங்கத்தின் அறுபது விழுக்காடு வான்கூவர் நகரத்து நெவ்சன் நிறுவனத்துக்கு உரியதாயிருந்தது. எஞ்சியது எரித்ரிய அரசுடையதாயிருந்தது. குற்றத்தை மறுத்த நிறுவனம், வேற்றரசின் செயலைக் கனடா மன்றம் விசாரித்தல் தகாது என்றும் வாதிட்டது. 2020 பிப்ரவரி 28இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. அடிமைத்தனத்தையும் கட்டாய உழைப்பையும் விலக்கும் பன்னாட்டு வழக்காறு கனடாச் சட்டத்தின் ஒரு பகுதியே, நிறுவனங்களும் அதற்குட்படக் கூடும் என ஐவர் கூறினர், நால்வர் உடன்படவில்லை. ஆயினும் சாட்சி விசாரணை நடைபெறவேயில்லை. அவ்வாண்டிலேயே வழக்குச் சமரசமாக முடிந்தது, தொகை வெளியிடப்படவில்லை.

2024 சனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த எஸ்-211 சட்டம், பெருநிறுவனங்கள் ஆண்டுதோறும் மே 31க்குள், கட்டாய உழைப்பையும் சிறார் உழைப்பையும் தடுக்க எடுத்த நடவடிக்கை குறித்து அறிக்கை தரவேண்டும் என்கிறது. அறிக்கை தாராவிடினும் பொய்யுரைப்பினும் 2,50,000 டாலர் வரை அபராதம் உண்டு. ‘யாதொரு நடவடிக்கையும் எடுக்கவில்லை’ என்று உண்மையை எழுதித் தந்த நிறுவனத்துக்கோ, அச்சட்டத்தில் தண்டனையில்லை. மாசுற்ற ஆறுகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.