பையத்லான்: காற்றடித்தால் 'கிளிக்'கா, தள்ளிக் குறியா?

பனிச்சறுக்கில் மூச்சிரைக்க வந்து, 50 மீட்டர் தூரத்தில் உள்ள 5 இலக்குகளைச் சுட வேண்டும். அதுதான் பையத்லான்.

படுத்துச் சுடும்போது, கண்ணுக்குத் தெரியும் கறுப்பு வட்டத்தின் அகலம் 115 மில்லிமீட்டர். ஆனா, நடுவில் உள்ள 45 மில்லிமீட்டரில் பட்டால்தான் கணக்கு. இடப்பக்கத்திலிருந்து காற்று அடிச்சா குண்டு வலப்பக்கம் ஒதுங்கும்.

அப்போ என்ன செய்வாங்க?

🎯 திருகைத் திருப்புவது

துப்பாக்கியின் பின்பக்கக் குறிகாட்டியில் திருகு இருக்கும். 'கிளிக்', 'கிளிக்' என்று காற்று வரும் பக்கத்துக்குச் சரிசெய்துவிட்டால், வழக்கம்போல் நடுவில் குறிவைக்கலாம். காற்று சீராக வீசும்போது இது கைகொடுக்கும். ஆனா நேரம் பிடிக்கும். காற்று நின்ன பிறகு பழைய நிலைக்குத் திருப்ப மறந்தா... அடுத்த குண்டு மறுபக்கம் போகும்.

🎯 தள்ளிக் குறிவைப்பது

திருகைத் தொடாமல், காற்று வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளிக் குறிவைப்பாங்க. காற்று திடீர்னு மாறினால் இதுதான் வேகமான வழி. எவ்வளவு தள்ளுவது என்பது கண் கணக்கு. அதற்கு அனுபவம் வேண்டும்.

தவறினால்?

ஸ்பிரின்ட் போட்டியில், தவறும் ஒவ்வொரு இலக்குக்கும் 150 மீட்டர் கூடுதலாகச் சறுக்கணும். அதில் 20 முதல் 30 விநாடி போய்விடும்.

அதனால் சிலர் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுப்பாங்க: காற்று அடங்கும்வரை பொறுத்திருப்பது. 5 விநாடி காத்திருந்தாலும் லாபம்தான்!