கண்டிக்கு வந்த மதுரை மன்னர்கள்

பிழைப்பை நாடி அயலூர் செல்வோர் பலர். அங்கே உத்தியோகம் அமைந்துவிட்ட பின்னரும், ஊரின் மொழியும் உணவும் வழிபாடும் வழக்கமும் கைவரச் சில ஆண்டுகள் செல்லும். அரச பதவியையே உத்தியோகமாக ஏற்று அயல் நகரில் குடியமர்ந்தோரோ வரலாற்றில் மிகச் சிலர். அத்தகையோர் நால்வரை இலங்கையின் கண்டி மாநகரம் கண்டது. 1739 முதல் 1815 வரை எழுபத்தாறு ஆண்டுகள் அங்கே அரசு புரிந்த நாயக்கர் குல மன்னரே அவர்கள்.

அவர்கள் படையெடுத்து வந்தவர்கள் அல்லர். பெண் கொடுத்த உறவால் வந்தவர்கள். கண்டியரசர் க்ஷத்திரிய குலத்துப் பெண்ணையே பட்டத்தரசியாகக் கொள்ளுதல் மரபு. அதற்காக அவர்கள் மதுரையை நாடினர். மணமகளோடு பெற்றோரும் உடன்பிறந்தாரும் உற்றாரும் கடல் கடந்து வந்து கண்டியிலேயே தங்கினர். அவர்கள் வாழ்ந்த தெரு, ஆங்கிலேயர் காலத்தில் மலபார் வீதி என்று வழங்கிற்று. 1739ஆம் ஆண்டில் வீர நரேந்திரசிங்கன் பட்டத்தரசியின் வயிற்றில் மகப்பேறின்றி இறந்தபோது, அரசியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயரோடு அரியணை ஏறினான். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1736இல், மதுரையில் நாயக்கர் ஆட்சி முடிந்து போயிற்று. ஆகவே திரும்பிச் சென்று சேர அவர்களுக்குத் தாய்நாட்டில் ஓர் அரசும் இல்லை. கண்டியே இனி ஊர். கண்டியே இனி வாழ்வு.

வைகைக் கரையின் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அந்நகரம் எத்துணைப் புதியதாய் இருந்திருக்கும்! சுற்றிலும் மலைகள், மலைகளை வளைந்தோடும் மகாவலி கங்கை, அடிக்கடி இறங்கும் மழையும் பனியும். எனினும் பழகிய முகங்களும் அங்கே உண்டு. அரண்மனையை அடுத்து நாதர், விஷ்ணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி ஆகியோர்க்குக் கோயில்கள் இருந்தன. கதிர்காமத் தெய்வம் நம் முருகனே. பத்தினியோ கண்ணகியே. மதுரையை எரித்தவளாகப் புகழ்பெற்ற அத்தெய்வத்தை, மதுரையிலிருந்து வந்தவர்கள் மலைநாட்டில் நகர்க் காவல் தெய்வங்களுள் ஒருத்தியாகக் கண்டனர்.

ஆயினும் அரசனுடைய தலையாய கடமை வேறு. புத்தபெருமானின் தந்ததாதுவைக் காப்பவனே அந்நாட்டுக்கு அரசன். சைவ, வைணவ வழிபாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் புத்த சாசனத்துக்குக் காவலராக வேண்டியிருந்தது. அப்பொழுது நாட்டில் முறைப்படி உபசம்பதை பெற்ற துறவியரே இல்லாத நிலை. வெலிவிட்ட சரணங்கரர் என்னும் துறவியின் தூண்டுதலால், விஜய ராஜசிங்கன் சயாம் நாட்டுக்குத் தூது அனுப்பினான். பயன் காணுமுன் 1747இல் இறந்தான். அவனுக்குப்பின் அரசு எய்தியவன் அவன் மனைவியின் தம்பியாகிய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். இவன் காலத்தில் அம்முயற்சி நிறைவேறிற்று. 1753ஆம் ஆண்டில் உபாலி தேரர் தலைமையில் சயாம் நாட்டுத் துறவியர் கண்டிக்கு வந்து உபசம்பதையை மீண்டும் நிலைநாட்டினர். அதுவரை தேவர்களுக்கே உரியதாய் இருந்த பெரஹரா ஊர்வலத்தில் தந்ததாது முதலிடம் பெற்றதும் இம்மன்னன் ஆணையாலேயே. தம்புள்ளைக் குகைக் கோயில் புதுப்பிக்கப்பட்டது. மகாவம்ச வரலாறு அவன் காலம்வரை தொடர்ந்து எழுதப்பட்டது.

இத்தனை செய்தும் ஊர் அவனை முழுமையாக ஏற்றுக்கொண்டதா? 1760ஆம் ஆண்டு அதற்கு விடை கூறிற்று. பிரதானிகள் சிலரும் துறவியர் சிலரும் கூடி அவனைக் கொல்லச் சதி செய்தனர். சயாம் நாட்டு இளவரசன் ஒருவனை அரியணையில் அமர்த்த எண்ணினர். மல்வத்தை விகாரையில் அரசன் அமரும் இருக்கையின் கீழே குழி தோண்டிக் கூர்முனைகளை நட்டு வைத்திருந்தனர் என்பது மரபுவழிச் செய்தி. அவன் திருநீறு பூசுவதை விடவில்லை என்பது அவர்கள் கூறிய குறைகளுள் ஒன்று. கோயில் எடுப்பித்த கை அவர்கள் கண்ணிற்பட்டது குறைவு; நெற்றியின் நீறே பெரிதாய்ப்பட்டது. சதி முன்கூட்டியே வெளிப்பட்டது. பிரதானிகள் தண்டனை பெற்றனர், சரணங்கரரும் சிறைப்பட்டார். ஆனால் பின்னர் அவர் விடுதலை பெற்றுப் பழைய மதிப்பையும் அடைந்தார். சாசனப் பணியை அரசன் நிறுத்தவே இல்லை. சினத்தினும் கடமையைப் பெரிதாகக் கொண்டமையே அவன் பெருமை.

அவன் தம்பி ராஜாதி ராஜசிங்கன் 1782இல் பட்டமேற்றான். புத்தரின் முற்பிறப்புக் கதையொன்றைச் சிங்களச் செய்யுளாக, ‘அசதிச தா கவ’ என்னும் பெயரால் இயற்றிய புலவன் அவன். ஒரே தலைமுறையில் ஊர்மொழி அயல்மொழியாய் இராமல் நெஞ்சின் மொழியாயிற்று. இக்கலப்பு ஒருவழிப்பட்டதும் அன்று. 1815இல் ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கையில் கண்டிப் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் ஒப்பமிட்டுள்ளனர்.

அதே உடன்படிக்கைதான் இக்கதையை முடித்தது. 1798இல் அரசேறிய ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி, வயல்களைக் கண்டி ஏரியாக்கி நகரை அழகு செய்தவன். அவனுடைய கடுமை பிரதானிகளைப் பகைவராக்கிற்று; ஆங்கிலேயர் அப்பகையைப் பயன்படுத்திக் கொண்டனர். 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் ஒப்பமான அவ்வுடன்படிக்கை அவனை அரசினின்று நீக்கியதோடு, அவனுடைய ஆண் உறவினர் நாட்டுக்குள் வருவதையும் தடுத்தது. எழுபத்தாறு ஆண்டு அரசாண்ட குலம் ஒரே எழுத்தில் மீண்டும் அயலாராயிற்று. மன்னன் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கேயே 1832இல் உயிர் நீத்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி இருக்கின்றது.

மன்னர் போயினர், அவர் செய்தவை போகவில்லை. எசல மாதந்தோறும் கண்டி வீதிகளில் யானைமேல் தாதுப்பேழை பவனி வருகின்றது. காண்போருள் பலர் அம்முறையை வகுத்தவன் மதுரைக் குலத்தவன் என்பதை நினைப்பதில்லை. பதவியை ஒரு நாளில் அளித்துவிடலாம். ஊரின் நம்பிக்கையை உழைத்தே பெறவேண்டும். அவ்வுழைப்பு உழைத்தவனுக்குப் பயன் தராது போயினும், ஊருக்குப் பயன் தந்தே தீரும்.