‘றிக்கொயில்’: ஒரு வினைச்சொல்லின் பூர்வீகம்

வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும் பத்திரிகையாளர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் ஆங்கில வினைச்சொற்களுள் ‘றிக்கொயில்’ என்பதும் ஒன்று. செய்தி மேசையில் நானும் இச்சொல்லோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அவசரத்தில் ‘பின்வாங்கினார்’ என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிடுவதே பெரும்பாலும் வழக்கம். ஆனால், ஒரு படைப்பிரிவு தன் அரணைவிட்டுப் பின்வாங்குவதும், படுகொலையொன்றின் படத்தைக் கண்ட ஒருவர் உடல் கூசிப் பின்னடைவதும் ஒன்றாகுமா? முன்னையது யோசித்து எடுத்த தீர்மானம். பின்னையது யோசிக்குமுன்னரே உடல் செய்துவிடும் காரியம்.

இச்சொல்லின் பூர்வீகத்தைத் தேடிச் சென்றால் அது உடலில்தான் போய் முடிகிறது. 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியதன் பின்னர் ஆங்கிலத்தினுள் பிரெஞ்சுச் சொற்கள் பெருந்தொகையாகப் புகுந்தன. ‘பின்னே செல்’ எனப் பொருள்படும் ‘றெக்யூலே’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்தே ‘றிக்கொயில்’ பிறந்தது. அந்தப் பிரெஞ்சு வினைக்கு மூலம் ‘கூலுஸ்’ என்ற இலத்தீன் சொல். அதன் பொருளை நம் இலக்கணகாரர் கூறும் இடக்கரடக்கலைக் கைக்கொண்டு ‘பின்புறம்’ என்று சொல்லி வைப்போம். மறுபக்கம் வழியில்லாத ஒழுங்கையைக் குறிக்கும் ‘குல்-டு-சாக்’ என்பதிலும் அதே சொல்லே ஒளிந்திருக்கிறது. சாக்கின் அடிப்புறம் என்பதே அதன் நேர்ப்பொருள்.

13 ஆம் நூற்றாண்டில் ‘றிக்கொயில்’ என்றால் பகைவனைப் பின்னே தள்ளுதல். 1300 அளவில் அது தானே பின்னடைதலையும் குறிக்கலாயிற்று. 16 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சுடும்போது துப்பாக்கியும் பீரங்கியும் பின்னோக்கி உதைப்பதற்கும் அதே சொல் வழங்கத் தொடங்கியது.

அந்த உதைப்புக்கான விதியை நியூட்டன் 1687 இல் வகுத்தார். குண்டு முன்னே பாயும்போது பீரங்கி பின்னே தள்ளப்பட்டேயாக வேண்டும். போர்க்கப்பல்களில் தடித்த கயிறுகளால் பீரங்கிகளைப் பிணைத்து வைத்தார்கள். தரையிலோ ஒவ்வொரு வெடிக்கும் பின்னர் பீரங்கியைப் பழைய இடத்துக்கு உருட்டிவந்து மீண்டும் குறிபார்க்க வேண்டியிருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு இராணுவம் ஏற்றுக்கொண்ட 75 மில்லிமீற்றர் பீரங்கி இந்நிலையை மாற்றியது. அதிற் குழாய் மட்டுமே பின்னே வழுக்கியது. எண்ணெயும் அழுத்தப்பட்ட காற்றும் அவ்வுதைப்பைத் தாங்கிக் குழாயை மீண்டும் முன்னே தள்ளின. வண்டி ஏறக்குறைய அசையாமல் நின்றது. நிமிடத்துக்குப் பதினைந்து குண்டுகளைச் சுட முடிந்தது. 1914 இல் மூண்ட முதலாம் உலகப் போரில் அதன் விளைவை ஐரோப்பா கண்டது. பின்னுதைப்பு அடக்கப்பட்டதும் கொல்லும் வேகம் பன்மடங்காயிற்று.

இதே குடும்பத்துப் பொருளுடைய வேறு ஆங்கிலச் சொற்களும் இவ்வாறே கண்ணாற் காணும் பொருள்களிலிருந்து வந்தவை. வலியில் முகஞ்சுளித்தலைக் குறிக்கும் ‘வின்ஸ்’ ஆதியிற் குதிரையின் உதையைக் குறித்தது. தயங்கி மறுத்தலைக் குறிக்கும் ‘போக்’ என்ற வினை, உழாது விடப்பட்ட வரம்பின் பெயரிலிருந்து வந்தது.

தமிழிலும் ‘புறமுதுகிடுதல்’ உடலிற் பிறந்த சொல்லே. ஆனால் அதில் இகழ்ச்சி ஏறியிருக்கிறது. ‘பின்வாங்குதல்’ என்பதிலும் தோல்வியின் சாயல் உண்டு. மாறாக, ‘கூசுதல்’, ‘துணுக்குறுதல்’, ‘அருவருத்து ஒதுங்குதல்’ ஆகியவற்றில் அந்த இகழ்ச்சி இல்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நிராயுதபாணிகளைச் சுடுமாறு கட்டளை பெற்ற சிப்பாய் ஒருவன் ‘றிக்கொயில்’ ஆனான் என்று செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘பின்வாங்கினான்’ என்று எழுதினால் வாசகர் அவனைக் கோழை என்பர். ‘கூசி நின்றான்’ என்று எழுதினால் அவனுள் இருந்த மனிதனைக் காண்பர். எந்தச் சொல்லை இடுவது என்பதை மொழிபெயர்ப்பவரே தீர்மானிக்கிறார். அந்தச் சிப்பாய்க்கு அதில் எந்த அதிகாரமும் இல்லை.