வலிப்பு நோயும் சிராங்கூன் சாலை மருத்துவமனையும்



லயத்தில் ஒருவருக்குக் காக்காய் வலிப்பு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். முனி அடித்தது என்கிறோம். பெண் பிள்ளையானால், கல்யாணம் தடைபடுமே என்று மூடி மறைக்கிறோம். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். பெயர் மட்டும் சாவிக்குப் போய்விடுகிறது!

சிங்கப்பூரில் நம்மவர் கூடும் சிராங்கூன் சாலையில் முன்பு ஓர் ஏழைகள் மருத்துவமனை இருந்தது. சீன வணிகர் டான் டோக் செங் அளித்த நன்கொடையால் 1844இல் பெர்ல்ஸ் குன்றில் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். 1860இல் அது சிராங்கூன் சாலைக்கு வந்தது. அதற்கு மூன்றாண்டு முன்புதான், 1857இல், புரோமைடு உப்பு வலிப்பைக் குறைப்பதை லண்டன் மருத்துவர் சார்லஸ் லோகாக் எடுத்துச் சொன்னார்.

1909இல் மருத்துவமனை மோல்மீன் சாலைக்கு மாறியது. மூன்றாண்டு கழித்து, 1912இல், ஜெர்மனியில் பெனோபார்பிட்டால் மருந்து வலிப்புக்குப் பயன்பட்டது. இன்றும் அது கைகொடுக்கிறது. 1929இல் அதே நாட்டின் ஹான்ஸ் பெர்கர், மூளையில் ஓடும் மின்னோட்டத்தைக் கோடுகளாகப் பதிந்து வெளியிட்டார். மூளையின் அணுக்கள் ஒரே நேரத்தில் தாறுமாறாக மின்சாரம் பாய்ச்சுவதே வலிப்பு என்பதைப் பின்னர் அந்தக் கோடுகளிலேயே காண முடிந்தது. பேயுமல்ல, ஒட்டுவாரொட்டியுமல்ல.

1999இல் டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்திலேயே தேசிய நரம்பியல் நிலையம் தோன்றியது. ஆனால் எவ்வளவு பெரிய நிலையமானாலும் மருத்துவர் முதலில் கேட்பது கண்ணால் கண்டவரைத்தான். எந்தக் கை முதலில் இழுத்தது? எத்தனை நிமிடம் நீடித்தது? பிறகே மூளை மின்பதிவும் ஸ்கேனும். தலைக்காயம், மூளைக்காய்ச்சல், மூளையில் தங்கிய நாடாப்புழுக் கட்டி ஆகியவை காரணமாகலாம். பலருக்குக் காரணமே தெரிவதில்லை.

முறையாக மாத்திரை உண்டால் பத்துப் பேரில் ஏழு பேர்வரை வலிப்பின்றி வாழலாம். கோயிலுக்குப் போவது தவறன்று. குணமாகிவிட்டது என்று மாத்திரையை நாமே நிறுத்துவதுதான் தவறு. நிறுத்தினால் முன்னிலும் கடுமையாக வரலாம்.

வலிப்பு வந்தவரைப் பிடித்து அழுத்த வேண்டாம். அருகிலுள்ள கத்தியையும் கல்லையும் அகற்றி, தலைக்கு மெத்தென்று துணி வையுங்கள். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

நேயர்களே, மறைத்து வைத்த நோய்க்கு மருந்தில்லை. வீட்டில் வலிப்புள்ள பிள்ளை இருந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை பள்ளிக்கும் போகலாம், நாளை கல்யாணமும் செய்துகொள்ளலாம்.