வினாத்தாள் யாருக்குச் சொந்தம்? 1916 முதல் 2016 வரை ஒரு நூற்றாண்டு வழக்கு

பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் எழுதும் நூல், தயாரிக்கும் வினாத்தாள், ஆற்றும் உரை ஆகியவற்றின் பதிப்புரிமை ஆசிரியருக்கா, ஊதியம் வழங்கும் நிறுவனத்துக்கா? இந்திய வளாகங்களில் இக்கேள்வி பெரும்பாலும் பிணக்கு எழும்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஆயினும் இதன் வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது. இந்தியச் சட்டத்தின் வேரும் அவ்வரலாற்றில்தான் உள்ளது.

1915இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றம் ஒரு தீர்மானம் இயற்றியது. தேர்வாளர்கள் தயாரிக்கும் வினாத்தாள்களின் பதிப்புரிமை பல்கலைக்கழகத்தையே சாரும் என்பதை அவர்களது நியமனத்தின் நிபந்தனையாக்கியது அத்தீர்மானம். பின்னர் அவ்வுரிமை 'யுனிவர்சிட்டி ஆஃப் லண்டன் பிரஸ்' என்னும் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. 1916 ஜனவரி மெட்ரிக்குலேஷன் தேர்வின் வினாத்தாள்கள் சிலவற்றை 'யுனிவர்சிட்டி டியூட்டோரியல் பிரஸ்' விடைகளுடன் வெளியிடவே, வழக்கு எழுந்தது.

நீதிபதி பீட்டர்சன் இரு செய்திகளைத் தெளிவுபடுத்தினார். முதலாவது, கணித வினாத்தாளும் பதிப்புரிமை பெறத்தக்க இலக்கியப் படைப்பே. அதற்குக் கருத்துப் புதுமை வேண்டியதில்லை, பிறரிடமிருந்து நகலெடுக்கப்படாமல் ஆக்கியவரிடமிருந்தே தோன்றியிருந்தால் போதும். இரண்டாவது, தேர்வாளர் பல்கலைக்கழகத்தின் பணியாளர் அல்லர். எந்த வினாவைக் கேட்பது என்பதைத் தம் அறிவையும் தீர்ப்பையும் கொண்டு முடிவு செய்கிறவர் அவர். ஆகவே முதல் உரிமையாளர் தேர்வாளரே. பல்கலைக்கழகத்தின் நிபந்தனை, உரிமையை எழுதித் தரவேண்டிய கடப்பாட்டை அவர் மீது சுமத்தியதே ஒழிய, உரிமையைத் தானாக இடம் மாற்றிவிடவில்லை. இதனால் லாட்ஜ், ஜாக்சன் என்னும் இரு கணிதத் தேர்வாளர்களை வாதிகளாகச் சேர்த்துக்கொண்ட பிறகே வழக்கை முன்னெடுக்க முடிந்தது. எழுதியவரின் கையொப்பமின்றி நிறுவனத்தின் தீர்மானம் மட்டும் போதாது என்பது அன்றே நிறுவப்பட்டது.

இது அயல்நாட்டுக் கதையாக நின்றுவிடவில்லை. 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம், 1914ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தின் வழியே இங்கும் நடைமுறைக்கு வந்தது. பம்பாயைச் சேர்ந்த கூப்பர் பதிப்பகத்தின் மீது மேக்மில்லன் தொடுத்த பாடநூல் வழக்கில், 1923இல் பிரிவி கவுன்சில் பீட்டர்சனின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. பழைய மொழிபெயர்ப்பிலிருந்து பகுதிகளைத் தெரிந்தெடுத்துக் கோத்த மூலப்பகுதிக்கு உரிமை இல்லை. மாணவர்களுக்கென எழுதிச் சேர்த்த குறிப்புகளுக்கு உண்டு என்பது அத்தீர்ப்பு. ஆசிரியரின் உழைப்பும் அறிவும் எவ்விடத்தில் வெளிப்படுகின்றனவோ அவ்விடத்தில்தான் உரிமை பிறக்கிறது.

விடுதலைக்குப் பின் வந்த 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இம்மரபைத் தொடர்ந்தது. படைத்தவரே முதல் உரிமையாளர் என்பது பொது விதி. ஊழிய ஒப்பந்தத்தின் கீழ், பணியின் போக்கில் ஆக்கப்பட்ட படைப்புக்கு, மாறான உடன்பாடு இல்லாதபோது, பணியமர்த்தியவரே உரிமையாளர் என்பது விலக்கு. வழக்குகளெல்லாம் 'பணியின் போக்கில்' என்னும் தொடரைச் சுற்றியே எழுகின்றன. பாடத்திட்டக் குழுவுக்கென நிறுவனம் பணித்து எழுதுவித்த கையேடு ஒரு புறம். விடுமுறையில் தம் ஆர்வத்தால் எழுதிய ஆய்வுநூல் மறுபுறம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் இயலாது.

1983ஆம் ஆண்டுத் திருத்தம் இங்கே ஒரு முக்கியமான கூறைச் சேர்த்தது. பொது இடத்தில் ஆற்றப்படும் உரையின் முதல் உரிமையாளர், அதை ஆற்றியவரோ அவர் யார் சார்பில் பேசினாரோ அவரோதான். உரைக்கு ஏற்பாடு செய்த நிறுவனத்திலேயே அவர் பணியாற்றினாலும் இந்நிலை மாறாது. பதிவு செய்யப்பட்ட இணையவழி வகுப்புகள் பெருகிவிட்ட இக்காலத்தில் இக்கூறு மறுவாசிப்புக்குரியது. மூடிய வகுப்பறை 'பொது' ஆகுமா என்பது வாதத்துக்கு இடம் தரும் வினா; ஆனால் சட்டத்தின் சாய்வு பேசுபவர் பக்கமே என்பதில் ஐயமில்லை.

உரிமை மாற்றம் எழுத்து வடிவில், கையொப்பத்துடன் இருக்கவேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. கால அளவு குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு. நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும். உரிமையை முழுதும் விற்றுவிட்ட பின்னரும், தம் பெயரைக் கோரவும் படைப்பின் சிதைவை எதிர்க்கவும் ஆசிரியருக்குள்ள சிறப்புரிமையை 57ஆம் பிரிவு காக்கிறது. இவற்றையெல்லாம் படித்தறியாமல் பதிப்பகத்தின் படிவத்தில் கையொப்பமிடும் பழக்கமே, பின்னாளில் தம் நூலின் பகுதியைத் தம் மாணவருக்குப் படியெடுத்துத் தரவும் ஆசிரியர் அனுமதி கேட்டு நிற்கும் நிலையை உண்டாக்குகிறது.

அந்நிலையின் முழு வடிவம் தில்லியில் வெளிப்பட்டது. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும், தில்லி பொருளியல் பள்ளி வளாகத்தின் ராமேஸ்வரி நகலகத்தின் மீதும் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டத்தில் உள்ள பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்ததே குற்றச்சாட்டு. முந்நூறுக்கும் மேற்பட்ட கல்வியாளர்கள் வழக்கைத் திரும்பப் பெறக் கோரிக் கடிதம் எழுதினர். அத்தொகுப்புகளில் இடம்பெற்ற நூல்களை எழுதியவர்களும் அவர்களுள் இருந்தனர். எழுதியவர் நகலெடுப்பை ஆதரிக்க, உரிமை பெற்றவர் எதிர்த்தார்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். கற்பித்தலின் போக்கில் ஆசிரியரும் மாணவரும் படியெடுக்கச் சட்டம் தரும் விலக்கு வகுப்பறைச் சுவர்களோடு முடிவதன்று என்றார். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அவ்விளக்கத்தை ஏற்று, படியெடுத்தவை கற்பித்தலுக்குத் தேவையானவைதாமா என்பதை விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன.

1916இல் லாட்ஜும் ஜாக்சனும் வழக்கினுள் வாதிகளாக இருந்தனர். அவர்களின்றி வழக்கே நிற்கவில்லை. தில்லி வழக்கில் நூலாசிரியர்கள் வாதிகளாக இன்றிக் கடிதம் எழுதினர்; வாதிகளாக அவர்களின்றியே வழக்கு நடந்தது. சட்டம் இன்றும் படைத்தவரையே முதல் உரிமையாளராக வைத்திருக்கிறது. ஆசிரியர் அவ்விடத்தை இழப்பது பெரும்பாலும் நீதிமன்றத்தில் அன்று, கையொப்பமிடும் மேசையில்.